மயிலாப்பூரை நடந்து பார்க்க: எந்த நேரத்தில், எந்த வீதியில்

மயிலாப்பூரில் பகல் 12 மணிக்கு வந்து இறங்குகிறவர்களுக்கு ஊர் கையில் சிக்காது. கோயில் நடை சாத்தியிருக்கும். காலை டிபன் தீர்ந்திருக்கும். மாலை பஜ்ஜிக்கு அடுப்பு மூட்ட இன்னும் நாலைந்து மணி நேரம் ஆகும். தெற்கு மாட வீதிக் காய்கறிக்காரர்கள் கூடைமேல் ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு நிழல் தேடிப் போயிருப்பார்கள். வெயிலில் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்று கிளம்பிப் போக வேண்டியதுதான்.

இந்த ஊர் இரண்டு வேளை ஊர். காலை 5.30 முதல் 10 மணி வரை ஒன்று, மாலை 4.30 முதல் 8.30 வரை இன்னொன்று. நடுவில் இருக்கிற நேரத்துக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு வேளையும் வர முடியாதவர்கள் காலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வண்டிச் சத்தம் எழுவதற்கு முன்னால்தான் மாட வீதிகள் கண்ணுக்கும் காதுக்கும் பிடிபடும்.

முதலில் திசை

கபாலீசுவரர் கோயிலும் அதன் மேற்கே இருக்கும் குளமும் நடுவில். இரண்டையும் சேர்த்துச் சுற்றி நான்கு மாட வீதிகள். வடக்கு, தெற்கு, கிழக்கு மாட வீதிகளுக்கு அந்தப் பெயரிலேயே பலகை உண்டு. மேற்கு மாட வீதியைத்தான் பலர் தேடுவார்கள். குளத்தின் மேற்குக் கரையை ஒட்டிப் போகும் ராமகிருஷ்ண மடம் சாலைதான் அது. பஸ்ஸில் ‘டேங்க்’ என்று கேட்டால் இந்தக் குளத்தங்கரையில் இறக்கிவிடுவார்கள்.

குளத்திலிருந்து அதே சாலையில் வடக்கே போனால் லஸ் முனை. லஸ் முனையிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துப் போவது கச்சேரி சாலை. அது சாந்தோமில் போய் முடியும். மேற்கே போவது லஸ் சர்ச் சாலை. குளத்திலிருந்து தெற்கே போனால் ராமகிருஷ்ண மடம், அதைத் தாண்டி மந்தைவெளி. இந்தக் கூட்டல் குறியை மனதில் போட்டுக்கொண்டால் வரைபடம் தேவைப்படாது. வழி தவறினாலும் கிழக்குக் கோபுரம் கூரைகளுக்கு மேலே எங்காவது எட்டிப் பார்க்கும்.

பறக்கும் ரயிலில் வருவதுதான் சுலபம். கோயிலுக்குத் திருமயிலை நிலையத்தில் இறங்கி, ராமகிருஷ்ண மடம் சாலையில் தெற்கே நடந்தால் பத்து நிமிடத்தில் குளக்கரை. முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு அந்தப் பெயரிலேயே தனி நிலையம் இருக்கிறது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வரும்போது திருமயிலைக்கு முந்தைய நிலையம். காரில் வருவதை மனதாரத் தவிருங்கள். லஸ் முனையில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டப் பணிக்காகச் சாலைகளை மாற்றி மாற்றி ஒருவழி ஆக்குகிறார்கள். போன மாதம் போன வழி இந்த மாதம் அடைத்திருக்கலாம். ஆட்டோவில் வந்தால் ‘கோயில் வாசல்’ என்று சொல்லாமல் குளத்தின் மேற்குக் கரையில் இறங்கிக்கொள்ளுங்கள். மாட வீதிக்குள் ஆட்டோ திரும்பி வெளியே வர ஆகும் நேரத்தில் நீங்கள் நடந்தே கோயிலுக்குள் போய்விடலாம்.

காலில் சுலபமாகக் கழற்றி மாட்டும் செருப்பு, அதைப் போட்டுக்கொள்ள ஒரு துணிப்பை, காய்கறி வாங்க இன்னொரு பை, கொஞ்சம் சில்லறை. இவை போதும். பூக்காரம்மாவிடம்கூடக் கியூஆர் அட்டை இருக்கிறது. ஆனாலும் பத்து ரூபாய்த் தாள் கையில் இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும்.

காலை: கோயில்

நடை காலை 5 மணியை ஒட்டித் திறந்து நண்பகலில் சாத்தும். மாலை 4 மணிக்குத் திறந்து இரவு 9.30 வரை இருக்கும். விசேஷ நாட்களில் இந்த நேரம் மாறும்.

பெரிய கோபுரம் கிழக்கே. 1906-இல் எழுந்தது, ஏறக்குறைய 120 அடி. எல்லோரும் அந்த வழியாகத்தான் நுழைகிறார்கள். ஆனால் கபாலீசுவரர் மேற்கு பார்த்த சுவாமி. கிழக்கு வாசலில் நுழைகிறவர்கள் அவருக்கு முதுகுப் பக்கமாக வருகிறார்கள். நேரே சன்னிதி இருக்கும் என்று நடந்துபோய், சுவர் எதிர்ப்பட்டதும் திகைத்து நிற்பவர்களைத் தினமும் பார்க்கலாம். நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி, வலமாகத் தெற்குப் பிராகாரம் சுற்றி மேற்கே வாருங்கள். கொடிமரம் அங்கேதான். முதல்முறை வருகிறவர்களுக்கு இன்னும் நல்ல வழி, குளக்கரையிலிருந்து சிறிய மேற்குக் கோபுரத்தின் வழியாக நுழைவது. கொடிமரம், நந்தி, சுவாமி என்று கோயில் தன்னுடைய வரிசையிலேயே திறக்கும். கற்பகாம்பாள் தெற்கு பார்த்து நிற்கிறாள். வெள்ளிக்கிழமை அம்மன் சன்னிதிக்கு வரிசை நீளும். அவசரக்காரர்களுக்கு அந்த நாள் வேண்டாம்.

பிராகாரத்தில் தலவிருட்சமான புன்னை மரத்தையும் அதன் அடியில் இருக்கும் சிறிய சன்னிதியையும் தவற விடாதீர்கள். அம்பாள் மயில் உருவில் சிவனைப் பூசித்த தலம் என்பதால்தான் மயிலை. அந்தக் காட்சியை இங்கேதான் சிற்பமாகப் பார்க்கலாம். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையை எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து திருஞானசம்பந்தர் எழுப்பினார் என்பது இந்தத் தலத்தின் வரலாறு. பூம்பாவைக்கும் இங்கே சன்னிதி உண்டு.

கருவறைப் பக்கம் போனை எடுக்காதீர்கள். கொடிமரத்தைத் தாண்டி இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை உண்டு. நண்பர்களை அழைத்து வருகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசலில் சங்கடம் வராது. வெளிப் பிராகாரத்தைச் சுற்றவே அரை மணி நேரம் தாராளமாகப் பிடிக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. பங்குனியிலிருந்து ஆவணி வரை 9 மணிக்கு மேல் கல் தரை சுட ஆரம்பித்துவிடும். குழந்தைகளோடு வருகிறவர்கள் 8 மணிக்குள் சுற்றி முடித்துவிட வேண்டும்.

பிரதோஷ மாலையில் கூட்டம் 4 மணிக்கே சேர்ந்துவிடும். அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் நல்லது. கோயிலை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால், பஞ்சாங்கத்தில் திரயோதசி எது என்று பார்த்து அந்த நாளைத் தள்ளிவையுங்கள்.

காலை: இலை

காலை டிபனுக்கு மூன்று வழி. அருண்டேல் தெருவில் ராயர் மெஸ். சின்ன இடம், சில மேஜைகள்தான். இட்லி, பொங்கல், வடை, அந்தக் காரமான கெட்டிச் சட்னி. மதியச் சாப்பாடு கிடையாது, மாலையில் மறுபடியும் டிபன். 9 மணிக்கு மேல் போனால் பொங்கல் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இடம். ஆறேழு பேர் கூட்டமாகப் போனால் சேர்ந்து உட்கார முடியாது. இரண்டு பேர், மூன்று பேர் என்று பிரிந்து போங்கள்.

பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயருக்கு ஏற்றபடி ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் தட்டு வெளியே வரும். நின்றபடி சாப்பிட வேண்டும். காலையில் இட்லி, பொங்கல். மாலையில் பஜ்ஜி, போண்டா. வெளியே நின்று மெனு அட்டையைத் தேடாமல், முன்னால் நிற்பவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதையே கேட்பது இங்கே வழக்கம்.

உட்கார்ந்து, மின்விசிறிக்குக் கீழே, வயதானவர்களோடு சாப்பிட வேண்டும் என்றால் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ். கை கழுவும் இடம், கழிப்பறை போன்ற தேவைகளை இப்படி உட்கார்ந்து சாப்பிடும் இடங்களிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மாட வீதிகளில் அதற்கு வேறு நல்ல வழி இல்லை. இந்த ஊருக்கு இருக்கிற உண்மையான குறை அதுதான்.

தெற்கு மாட வீதி

காய்கறிக்கு இந்த வீதி. 7 மணியிலிருந்து 10 மணி வரை நடைபாதை ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மார்க்கெட்டில் கிடைக்கிற தக்காளி, உருளைக்கிழங்குக்காக இங்கே வர வேண்டியதில்லை. சூப்பர் மார்க்கெட் அலமாரிக்கு வராத காய்களுக்குத்தான் வர வேண்டும்: வாழைப்பூ, நறுக்கித் தருகிற வாழைத்தண்டு, சுண்டைக்காய், நார்த்தங்காய், பிரண்டை, அகத்திக்கீரை, பொங்கல் சமயத்தில் பச்சை மஞ்சளும் மொச்சையும்.

மாசி, பங்குனியில் மாவடு வரும். அளந்து தருவது படிக் கணக்கில். உருண்டை வடு, நீள வடு இரண்டும் கிடைக்கும். ஊறுகாய்க்கு உருண்டையே மேல். சதை சீக்கிரம் குழையாது. கையில் எடுத்ததும் முதலில் காம்பைப் பாருங்கள். சின்னக் காம்பு ஒட்டியிருந்தால் புதிதாகப் பறித்தது. காம்பு உதிர்ந்து, அந்த இடம் கறுத்திருந்தால் இரண்டு நாள் ஆகிவிட்டது. உப்பில் போட்டதும் அழுகத் தொடங்கும். தரையில் விழுந்து அடிபட்ட வடுவில் பழுப்புப் பொட்டு தெரியும். ஒரு படியில் அப்படி நான்கு விழுந்தாலே ஜாடி முழுவதும் கெட்டுப்போகும், அதனால் அளப்பதற்கு முன்பே பொறுக்கிக்கொள்ளக் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள். அள்ளிப் போட்ட பிறகு பொறுக்கினால் கோபம் வரும், அது நியாயம்தான்.

மார்கழி, தையில் ஊறுகாய்க்கு மாகாளிக் கிழங்கு. ஒன்றை ஒடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பட்’டென்று ஒடிந்து வாசனை மூக்கில் ஏற வேண்டும். வளைந்தால் வாடியது. விரல் பருமன் இருக்கிற கிழங்கே நல்லது. மெலிந்ததில் தோலையும் நடுவில் இருக்கும் நரம்பையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றும் இல்லை. மண்ணோடு இருப்பதை வாங்கி வீட்டில் ஊறவைத்துக் கழுவுங்கள். கழுவி வைத்தது சீக்கிரம் வாடும்.

இந்த வீதியிலேயே வெள்ளீசுவரர் கோயில் இருக்கிறது. சுக்கிரன் வழிபட்ட தலம் என்பது ஐதிகம். கபாலி கோயில் கூட்டத்தில் கால் வைக்க முடியாத நாட்களிலும் இங்கே அமைதியாக உட்காரலாம். இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் சித்திரக்குளம். அதன் கரைப் பக்கம் ஆதிகேசவப் பெருமாள் கோயிலும், வேதாந்த தேசிகர் சன்னிதியோடு சீனிவாசப் பெருமாள் கோயிலும் உண்டு. முதலாழ்வார் மூவரில் பேயாழ்வார் பிறந்த ஊர் மயிலை. கபாலி கோயிலோடு திரும்பிவிடுகிறவர்கள் ஊரின் இந்த வைணவப் பாதியைப் பார்ப்பதே இல்லை. ஒரு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

ஏழு சிவன் கோயில்களையும் ஒரே நாளில் பார்க்கிற வழக்கம் மயிலாப்பூரில் உண்டு: காரணீசுவரர், தீர்த்தபாலீசுவரர், வெள்ளீசுவரர், விருபாட்சீசுவரர், வாலீசுவரர், மல்லீசுவரர், முடிவில் கபாலீசுவரர். ஆறு கோயில்கள் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில் இருக்கின்றன. தீர்த்தபாலீசுவரர் மட்டும் வடக்கே ஐஸ் ஹவுஸ் பக்கம் தள்ளியிருக்கிறார். அதற்கு மட்டும் ஆட்டோ வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குக் கிளம்பினால்தான் நடை சாத்துவதற்குள் ஏழையும் முடிக்கலாம். 8 மணிக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஐந்தாவது கோயில் வாசலில் பூட்டைப் பார்த்து நிற்பார்கள். சின்னக் கோயில்கள் பெரிய கோயிலைவிட முன்னதாகவே சாத்திவிடும்.

கச்சேரி சாலையும் கடலும்

காலை வெயில் ஏறுவதற்குள் கடல் பக்கம் போய்விடுங்கள். கச்சேரி சாலையில் கிழக்கே இருபது நிமிட நடை. வழியில் டப்பா செட்டிக் கடை. நாட்டு மருந்துக் கடை எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. கண்டந்திப்பிலி, சித்தரத்தை, அரிசித்திப்பிலி, வசம்பு, கடுக்காய் எல்லாம் பெயர் சொன்னால் எடுத்துத் தருவார்கள். பிரசவ மருந்துக்கும் தீபாவளி லேகியத்துக்கும் இந்தக் கடையை நம்பியே இருக்கிற குடும்பங்கள் உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் கூட்டத்தில் நிற்க முடியாது. லேகியச் சாமான் வேண்டும் என்றால் பத்து நாள் முன்னதாக வாங்கிவிடுங்கள். என்ன பயனுக்கு, எத்தனை பேருக்கு என்று சொன்னால் அளவை அவர்களே போட்டுக் கொடுப்பார்கள். இணையத்தில் படித்த பட்டியலோடு போய் வாதாட வேண்டாம்.

அதே சாலையில் பள்ளிவாசல், சமணக் கோயில், பிறகு கடைசியில் சாந்தோம் பேராலயம். கோயில், மசூதி, தேவாலயம் என்று அடுக்கிச் சொல்வது எளிது. இங்கே அந்த அடுக்கு ஒரே சாலையில் காலால் நடந்து கடக்கிற தூரத்தில் இருக்கிறது. கபாலீசுவரர் குளத்துக்கு ஆற்காட்டு நவாப் நிலம் தந்தார் என்பதும், மொகரத்தன்று முஸ்லிம்கள் குளத்துக்கு வருவார்கள் என்பதும் மயிலாப்பூரில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

சாந்தோமில் இன்று நிற்கும் வெள்ளைக் கட்டடம் 1896-இல் முடிந்தது. 1956-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. தோமையாரின் கல்லறை கீழே நிலவறையில் இருக்கிறது. அங்கே போக ஆலயத்துக்குள் நுழையாமலே பின்பக்கமாகத் தனி வழி உண்டு. அருகிலேயே ஒரு சிறிய அருங்காட்சியகம். ஞாயிறு காலையில் பூசை அடுத்தடுத்து நடக்கும், சுற்றிப் பார்க்க அது நேரம் இல்லை. வார நாள் காலை 9 மணிக்கு மேல் போங்கள். ஆலயத்துக்குப் பின்னால் கடற்கரைப் பக்கம் ஒரு மரக் கம்பம் நிற்கிறது. கடல் இதைத் தாண்டி வராது என்று தோமையார் நட்டார் என்பது மரபு.

கபாலி கோயிலைப் பார்த்த கையோடு இங்கே வரச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சம்பந்தர் பாடிய கபாலீச்சரம் கடற்கரையில் இருந்தது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தக் கரையில் குடியேறிய பிறகு அந்தக் கோயில் அழிந்தது. இப்போது குளக்கரையில் இருப்பது அதற்குப் பிறகு எழுந்தது. சாந்தோம் வளாகத்தில் பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கோயிலையும் இந்தக் கடற்கரையையும் ஒரே காலையில் பார்த்தால்தான் மயிலாப்பூர் ஏன் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்திருக்கிறது என்பது விளங்கும்.

போர்த்துகீசியர் காலத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றால் லஸ் பக்கம் வர வேண்டும். லஸ் மாதா கோயிலில் 1516 என்று கல்வெட்டு உண்டு. நகரத்தின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. ‘லஸ்’ என்றால் போர்த்துகீசிய மொழியில் ஒளி. அந்தக் காலத்தில் சுற்றிலும் காடு, அதனால் உள்ளூர்ப் பெயர் காட்டுக் கோயில். வயதான ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் தெரியும். அதே சாலையில் நாகேஸ்வரராவ் பூங்கா. அமிர்தாஞ்சன் நிறுவிய காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயர். நடந்து களைத்த கால்களுக்கு இந்த மர நிழல்தான் மருந்து.

வடக்கே முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்கு ஒரு நடை போகலாம். பெரிய கோபுரங்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே கருவறைக்கு மேல் கீற்றுக் கூரை. அம்மன் அப்படித்தான் இருக்க விரும்புகிறாள் என்பது நம்பிக்கை. ஆடி மாதத்தில் பொங்கல் வைக்கிறவர்களின் புகையும் கூட்டமும் தெருவரை நிற்கும். பக்கத்திலேயே திருவள்ளுவருக்குக் கோயில் இருக்கிறது.

மாலை: வடக்கு, கிழக்கு வீதிகள்

மாலை 4.30-க்கு மறுபடியும் குளக்கரையில் தொடங்குங்கள். காளத்தி கடை ரோஸ் மில்க் குடித்துவிட்டு நடக்கலாம். மாட வீதியில் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். ஆதியில் செய்தித்தாள் கடை. பாட்டில் எசன்ஸும் தருகிறார்கள். வீட்டுக்கு வாங்கினால், சுண்டக் காய்ச்சி நன்றாகக் குளிர வைத்த பாலில் கலந்தால்தான் அந்த ருசி வரும். ஐஸ் கட்டியைப் போட்டால் நீர்த்துப்போகும்.

வடக்கு மாட வீதி நகைக்கும் நாட்டியத்துக்கும். பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு ‘டெம்பிள் செட்’ வாங்க ஊரெங்கிலும் இருந்து இங்கேதான் வருகிறார்கள். நெத்திச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, மாட்டல், அட்டிகை, மாங்காய் மாலை, ஒட்டியாணம், வங்கி என்று முழு செட்டாகவும் தனித்தனியாகவும் கிடைக்கும். வெள்ளியில் தங்கமுலாம் பூசிக் கெம்புக்கல் பதித்தது ஒரு ரகம். செம்பில் செய்த விலை குறைந்தது இன்னொரு ரகம். கற்றுக்கொள்ளும் குழந்தைக்குச் செம்பே போதும், வளரும் பிள்ளைக்கு ஒட்டியாணம் இரண்டு வருடத்தில் பற்றாமல் போகும். வாங்கும்போது குழந்தையைக் கூட்டிப் போய், புடவைக்கட்டின் மேல் வருகிற இடுப்பளவை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாடைமேல் அளந்து வாங்கியது மேடையன்று கொக்கி மாட்டாது. கல் வைத்த பக்கத்தைத் திருப்பி, பின்பக்கம் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால் வேர்வை பட்டுக் கல் மங்கும்.

கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே சன்னிதித் தெருவில் கிரி டிரேடிங். பூசைச் சாமான், பஞ்சாங்கம், தோத்திரப் புத்தகம் எல்லாம் ஒரே கூரையில் கிடைக்கும். வாசலில் பூக்காரர்கள். பூவை முழத்தில் அளப்பார்கள். முழம் என்பது விற்கிறவரின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம். மல்லி, முல்லை இரண்டையும் மொட்டாக வாங்குங்கள். மாலை 5 மணிக்கே விரிந்துவிட்ட பூ இரவுக்குள் உதிரும். கதம்பத்தில் மருக்கொழுந்து சேர்த்துக் கட்டச் சொன்னால் வாசனை மறுநாள் காலை வரை நிற்கும்.

கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன் அரங்கத்தில் பல மாலைகளில் கச்சேரியோ நாட்டியமோ இருக்கும்; பலவற்றுக்கு நுழைவு இலவசம். வாசலில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துவிட்டு நடையைத் திட்டமிடுங்கள். கச்சேரி பிடிக்காதவர்கள் சூரியன் மறையும் நேரத்துக்குத் தெற்கே ராமகிருஷ்ண மடத்துக்குப் போகலாம். 1897-இல் தொடங்கியது, இப்போதைய பெரிய கோயில் 2000-இல் குடமுழுக்குக் கண்டது. மாலை ஆரத்தியில் துறவிகளும் வந்தவர்களும் சேர்ந்து பாடுவதைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எந்த மாதம்

சம்பந்தர் பூம்பாவைப் பதிகத்தில் ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்கிறார். ஊரின் நாட்காட்டி இன்னும் ஏறக்குறைய அதே வரிசையில்தான் ஓடுகிறது.

புரட்டாசியில் நவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்பிருந்து வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மை. காஞ்சிபுரம், பண்ருட்டி, மதுரைப் பக்கத்து விளாச்சேரி எனப் பல ஊர்ச் சரக்கு வரும். களிமண் பொம்மை கனமாக இருக்கும், விரலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்கும். காகிதக்கூழ் லேசாக இருக்கும், சத்தம் மந்தம். ரயிலில் எடுத்துப் போகிறவர்களுக்குக் காகிதக்கூழ். வருடா வருடம் பெட்டிக்குள் போய் வருவதற்கும் அதுவே உடையாது. செட்டாக வாங்கும்போது எல்லாப் பொம்மைகளின் முகமும் ஒரே வண்ணத்தில் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவில் மஞ்சள் விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்ததும் இரண்டு நிறமாகிவிடும். நல்ல செட்டுகள் முதல் வாரத்திலேயே போய்விடும். நவராத்திரி தொடங்கிய பிறகு விலை இறங்கும், ஆனால் மிச்சம்தான் இருக்கும்.

மார்கழி விடியற்காலை 5.30-க்கு மாட வீதிகளில் பஜனைக் கோஷ்டிகள் வலம் வரும். பாபநாசம் சிவன் தலைமையேற்று நடத்திய வழக்கத்தின் தொடர்ச்சி. பின்னாலேயே நடக்கலாம், குரல் இருந்தால் சேர்ந்து பாடலாம். வாசல் கோலங்களை மிதிக்காமல் நடுவீதியில் நடங்கள்.

தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம். குளப்படியில் இடம் வேண்டும் என்றால் 5.30-க்கே வந்து உட்கார வேண்டும். மேற்குக் கரையில் உட்கார்ந்தால் தெப்பத்துக்குப் பின்னால் கோபுரம் வரும். படம் எடுக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் பிடிப்பார்கள்.

பங்குனிப் பெருவிழா பத்து நாள். மூன்றாம் நாள் விடியலில் அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் காலை தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர், பத்தாம் நாள் திருக்கல்யாணம். ஒரே ஒரு நாள்தான் வர முடியும் என்றால் பலரும் அறுபத்துமூவரைச் சொல்வார்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு அதிகார நந்தியே சிறந்தது. விடியல் வெளிச்சத்தில் கோபுர வாசலில் சுவாமியை ஓரளவு பக்கத்திலிருந்து பார்க்கலாம், 8 மணிக்கு வீடு திரும்பலாம்.

அறுபத்துமூவருக்கே வர வேண்டும் என்றால் காலையிலேயே வாருங்கள். பூம்பாவையை எழுப்பிய நிகழ்ச்சி அன்று முற்பகலில் நடக்கும். பிற்பகல் 3 மணி வாக்கில் பல்லக்குகள் புறப்படும். நாயன்மார்களோடு ஊரின் மற்றத் தெய்வங்களும், திருவள்ளுவரும் வலம் வருவார்கள். ஊர்வலம் கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என்று வலமாகச் சுற்றும். ஒரு இடத்தில் நின்றால் எல்லாம் தானாக வரும். கூட்டத்துக்கு எதிராக நடந்து தேடாதீர்கள். வீதி மூலைகளில் நிற்காதீர்கள், பல்லக்கும் தேரும் திரும்புகிற இடத்தில்தான் நெரிசல் இறுகும். தேரன்று இது இன்னும் முக்கியம்: முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓடுவதற்குச் சக்கரத்தருகே இடம் வேண்டும். குழந்தையின் சட்டைப்பையில் பெற்றோர் போன் எண்ணை எழுதிப் போடுங்கள். கூட்டத்தில் போன் சிக்னலும் கிடைக்காது, பிரிந்தால் சேரும் இடமாக மாட வீதிக்கு வெளியே ஒன்றை முன்பே பேசி வையுங்கள். பணம் வேண்டாம், பசியும் வராது. நீர்மோர், பானகம், சாதம், சுண்டல் என்று வழியெங்கும் பந்தல்களில் கையில் திணிப்பார்கள். தொன்னையைக் கீழே போடாமல் கையிலேயே வைத்திருந்து குப்பைத்தொட்டியில் போடுங்கள். அடுத்த நாள் விடியற்காலையில் அந்த வீதியைப் பெருக்க வருகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை எச்சரிக்கை இருந்தால் வர வேண்டாம். மெட்ரோ தோண்டிய பக்கங்களில் தண்ணீர் தேங்கினால் பள்ளம் எது, சாலை எது என்று தெரியாது.

கிளம்பும்போது காப்பிப் பொடி. கடையில் ‘கால் கிலோ’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் விருப்பப்படி ஒரு கலவை வரும். பீபெரி, பிளாண்டேஷன் என்ற இரண்டு ரகக் கொட்டையும் பாதிப் பாதி, சிக்கரி 20 சதவீதம், பில்டர் அரைப்பு என்று முழுதாகச் சொல்லுங்கள். சிக்கரி வேண்டாதவர்கள் ‘ப்யூர்’ என்று சொன்னால் போதும், ஆனால் டிகாக்ஷன் இறங்க அதிக நேரம் எடுக்காது, கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். பொடியை ஒரு கரண்டி கூடப் போட வேண்டும். கண்ணெதிரே அரைத்து, சூடு ஆறுவதற்குள் பொட்டலம் கட்டுவார்கள். பையின் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காற்றுப்புகாத டப்பாவுக்கு மாற்றுங்கள்.